ஏரி வேலிக்குள் ஆள் இருக்கிற வீடு

நான் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் தைலமரத் தோப்பு, பின்னால் பாறை. முன்பக்கம் மட்டும் திறந்து கிடந்தது. அந்த வழியாகத்தான் வண்டிப் பாதை போய் ரோட்டில் சேரும். அடுத்த வருஷமே அந்தப் பக்கத்தையும் அடைத்துவிட்டார்கள். எண்பதுகளின் நடுவில் நடந்த சங்கதி இது.

அடைத்ததற்குக் காரணம் நல்ல காரணம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் என்னவோ தண்ணீருக்கு விரோதி என்று நினைத்துக்கொள்வீர்கள். ஃபேக்டரிகள் வர வர, வேலைக்கு வந்த ஜனமும் ஊருக்குள் வந்து நிறைந்தது. சேலத்துக்காரர், மதுரைக்காரர், திருநெல்வேலிக்காரர் என்று தெருவுக்கு ஒரு பேச்சு. அத்தனை பேருக்கும் குடிக்கத் தண்ணீர் வேண்டும். போர் போட்ட இடங்களில் பாதி வறண்டுபோனது, மீதி நாறியது. ஊருக்கென்று மிச்சமிருந்தது இந்த ஏரிதான். ஏரியும் கரையும் அதைச் சுற்றிய சரிவும் எல்லாமே சர்க்கார் நிலம், வருவாய்த்துறை வசம் இருந்தது. அதன்மேல் நாங்கள் இருந்தோம். தண்ணீர் வற்றினால் கேழ்வரகு விதைப்போம், எருமை குளிப்பாட்டுவோம், துணி துவைப்போம், ஒதுங்குவதற்கும் அந்தச் சரிவுதான். முதல் மழையில் எல்லாம் சேர்ந்து ஏரிக்குள் இறங்கும். அதைத்தான் ஊரே காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தது.

ஆகவே அந்த நிலம் முழுவதையும் வருவாய்த்துறையிடமிருந்து குடிநீர்த்துறைக்கு மாற்றுவதென்று மேலே முடிவானது. ஒரு நாள் காலை இரண்டு துறை அதிகாரிகளும் ஆளுக்கொரு ஜீப்பில் வந்தார்கள். சங்கிலி பிடித்து அளந்தார்கள். எங்கள் வீட்டு வேப்ப மரத்தடியில் நின்று கைகுலுக்கிக்கொண்டார்கள். நிலம் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது, கோழியை விற்கும்போது அதன் காலில் கட்டிய கயிறும் சேர்ந்து போகிற மாதிரி நாங்களும் சேர்ந்து போனோம். உள்ளே இருக்கும் வீடுகளுக்கு வேறு இடத்தில் மனை தருவோம், அதுவரை இருந்துகொள்ளலாம், ஆனால் மாடு கட்டக்கூடாது, குழி தோண்டக்கூடாது, புதிதாக ஒரு கல்லைக்கூட வைக்கக்கூடாது, ஏரியில் துணி துவைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வேலி உடனே வந்தது. எங்கள் பக்கத்தில் கல்லுக்கா பஞ்சம்? ஆள் உயரக் கல்தூண்களை வரிசையாக நட்டு முள்கம்பி இழுத்தார்கள். வண்டிப் பாதையில் ஒரு இரும்பு கேட், அதற்கு ஒரு வாட்ச்மேன். மனை மட்டும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது ஒரு ஃபேக்டரியில் டிரெய்னி. வாரத்தில் கிடைக்கிற ஒரு லீவு நாளில் வருவாய்த்துறை ஆபீசுக்குப் போவார். "நிலத்தைத்தான் அவங்ககிட்ட ஒப்படைச்சாச்சே, அங்க போய்க் கேளுங்க" என்பார்கள். அடுத்த வாரம் குடிநீர் ஆபீசுக்குப் போவார். "எங்களுக்குத் தண்ணி விடத்தான் தெரியும். மனை குடுக்கறது அவங்க வேலை" என்பார்கள். அவருடைய லீவு நாளெல்லாம் இந்த இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கரைந்தது. எனக்கென்று ஒரு சினிமா பார்க்கக்கூட ஒரு லீவு நாள் மிஞ்சவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், அவர், அவருடைய அம்மா. அத்தை ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கப் போவார். விடிந்தும் விடியாமலும் பனியில் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பினால் பொழுது சாய்கிறபோது விரலெல்லாம் முள் கீறலோடு வருவார். வீட்டில் தெலுங்கு, தோட்டத்தில் கன்னடம், என்னோடு தமிழ். மூன்றிலும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வார். "பூட்டு தொங்கிச்சின்னா முடிஞ்சுது கண்ணு. எப்ப வருவாங்க, எவன் வருவான்னு தெரியாது. ஜீப்பு வர்றப்போ வாசல்ல ஆளு நிக்கணும்."

அது அவர் சும்மா சொன்னதல்ல. பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர்கள் குடியிருந்தது இப்போது பெரிய ஃபேக்டரி நிற்கிற இடத்தில். அதுவும் சர்க்கார் தரிசுதான். ஒரு மாங்காய் சீசனுக்குக் குடும்பத்தோடு நாகரசம்பட்டிப் பக்கம் தோப்புகளுக்குக் காய் பறிக்கப் போனார்கள். குடிசைக்கு ஒரு பூட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் குடிசையும் இல்லை, பூட்டும் இல்லை. நிலத்தைச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள். கூட இருந்தவர்களுக்கெல்லாம் வேறு இடத்தில் மனை கிடைத்திருந்தது, இவர்களுக்கு மட்டும் இல்லை. பூட்டிக் கிடந்ததைப் பார்த்து ஆளில்லாத வீடு என்று எழுதிக்கொண்டார்களாம். அப்படி யாரோ சொன்னார்கள். மாமனார் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். அத்தை மகனைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தார்.

இந்தக் கதை வேலிக்குள் இருந்த எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆகவே வேலிக்குள் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை என்பது சட்டமாகிவிட்டது. எந்த அதிகாரியும் போடாத சட்டம், அதனால்தான் அதை யாரும் மீறவில்லை. வீட்டுக்கு ஒருவர் பகல் முழுவதும் இருந்தே ஆக வேண்டும். மற்ற வீடுகளில் அதற்கென்று கிழங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் கிழம் வேலைக்குப் போனது, குமரி காவலுக்கு உட்கார்ந்தாள்.

கதவு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான் என் உலகம். ஒரு பக்கம் வேப்பமரம் வரை, இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டுக் கன்னடத்து அக்காவின் சுவர் வரை. துணி துவைக்க வேலிக்கு வெளியே பம்புக்குப் போக வேண்டும் என்பதால் அதையும் அத்தையே விடியுமுன் செய்துவிட்டுப் போவார். எனக்குக் காய்கறி கடைக்குப் போகிற கஷ்டம்கூட இல்லை. ராணி மாதிரி இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மோட்டார் அறையிலிருந்து ஒரு ரீங்காரம் வந்துகொண்டே இருக்கும், தண்ணீர் ஊருக்குப் போகிறது என்று அர்த்தம். அந்தத் தண்ணீர்கூட வேலியைத் தாண்டிப் போகிறதே என்று பொறாமையாக இருக்கும். சிரிக்காதீர்கள். தண்ணீரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

வாட்ச்மேன் திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு இந்தக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கேட்டருகில் உட்கார்ந்திருப்பார். குடிக்க மட்டும் குடத்தில் மொண்டுகொள்ள விடுவார், கால் நனைக்கக் கூடாது. "என்னம்மா செய்ய, மேல உள்ளவங்க சொல்லுதாங்க. நா கண்டேன்னா எழுதணும். அதனால நா அந்தப் பக்கமாத் திரும்பிக்கிடுதேன், நீங்க சட்டுனு மொண்டுக்கிடுங்க" என்பார். ஷிப்ட் முடிந்து நேரம் கழித்து வருகிற ஆண்கள் கேட் பூட்டியிருந்தால் நுழைவதற்குத் தோப்பு ஓரமாகக் கம்பியை உயர்த்தி ஒரு சந்து செய்து வைத்திருந்தார்கள். அதையும் அவர் அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டுதான் பார்த்தார்.

இப்படி இருக்கும்போது நான் உண்டானேன்.

எங்கள் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் போட்டு அழைத்துக்கொண்டு போவார்கள், பிள்ளை பெற்று உடம்பு தேறிய பிறகுதான் கொண்டுவந்து விடுவார்கள். அதை நான் சடங்காக நினைக்கவில்லை, விடுதலையாக நினைத்தேன். காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றங்கரை. கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று திரும்பித் திரும்பிப் பார்க்காமல் ஆற்று வரைக்கும் நடந்துபோய் வரலாம். வயிற்றில் பிள்ளை அசைந்த நாளிலிருந்து நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பற்றிக்கூட அவ்வளவு நினைக்கவில்லை.

ஒன்பதாம் மாசம் பிறந்ததும் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று அடுக்கு அடுக்காகத் தூக்கிக்கொண்டு, ஒரு கூடை நிப்பட்டுத் தட்டையும் பூவும் வளையலுமாக வந்து கேட்டில் நின்றார்கள். கூடைக்குள் என்ன என்று வாட்ச்மேன் பார்த்துவிட்டுத்தான் விட்டார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "பொண்ணக் குடுத்தது வீட்டுக்கா, ஜெயிலுக்காம்மா?" என்று என் காதருகில் கேட்டார்.

வளையல் போட்டார்கள். கன்னடத்து அக்கா பாட்டுப் பாடினாள். சாப்பிட்டு முடித்ததும் அம்மா என் துணிகளை எடுத்து மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "சம்பந்தியம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார்.

"என்னங்க?"

"இந்த மாசம் வர்றாங்களாம். தாசில்தாரே வர்றாராம். எல்லாரும் சொல்லிக்கினு இருக்கறாங்க. இவளக் கூட்டிக்கினு போய்ட்டீங்கன்னா வூட்ல யாரு இருக்கறது? நான் தோட்டத்துக்குப் போவலன்னா அடுப்பு எரியாது. அவன் ஒரு நாள் லீவு போட்டாலும் பெர்மனென்ட் பண்ண மாட்டாங்கோ."

"பக்கத்து வூட்டு அம்மாவக் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்களேன்."

"எங்க வூட்டு வாசல்ல அவ நின்னா, அவ வூடுன்னு எழுதிப்பாங்க" என்றார் அத்தை. பக்கத்திலேயே உட்கார்ந்து நிப்பட்டு தின்றுகொண்டிருந்த கன்னடத்து அக்கா அதற்குத் தலையாட்டினாள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"அப்போ நான் இருக்கறேன்" என்றாள் அம்மா. "அவள நீங்க எங்க வூட்டுக்கு அனுப்புங்க. நான் இங்க உக்காந்துக்கறேன்."

அப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "பொண்ணு குடுத்த வூட்ல நீ வந்து உக்காந்துக்கினு இருக்கறதா? பெத்துக்கற பொண்ணு அங்க, பாத்துக்கற அம்மா இங்க. ஊர்ல எவன் கேட்டாலும் வாயால சிரிக்க மாட்டான்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நிற்பதும் அந்த இரண்டு ஆபீசுக்கு நடுவில் நிற்பதும் அவருக்கு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். அத்தையும் கெட்டவர் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு கெட்டவர் கிடைத்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

அம்மா பையிலிருந்து என் துணிகளைத் திரும்ப எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் மறுபடி மடித்து வைத்தாள். அவர்கள் போகும்போது நான் வேப்பமரம் வரைக்கும் போனேன், அதற்கு மேல் போகவில்லை. கேட் சாத்துகிற சத்தம் கேட்டதும் உள்ளே வந்து, கையில் போட்ட வளையல் அத்தனையும் நொறுங்குகிற மாதிரி சுவரில் அடித்துக்கொண்டு அழுதேன். அத்தை வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே வரவில்லை.

தாசில்தார் அந்த மாசம் வரவில்லை. பிள்ளை வந்தது.

வலி எடுத்தது ஒரு நடுப்பகலில். அத்தை தோட்டத்தில், அவர் ஷிப்டில். கன்னடத்து அக்கா என்னைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் நடத்திக்கொண்டு போனாள். ரோட்டில் போகிற ஏதாவது ஒரு வண்டியை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்பது அவள் எண்ணம். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேனுக்கு அன்று சம்பள நாள், கேட்டைப் பூட்டிவிட்டு ஆபீசுக்குப் போயிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் கத்தினோம். ரோட்டில் லாரிகள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தன. நாங்கள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

"சந்து, சந்து" என்று அக்கா என்னைத் தோப்பு ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். அந்தச் சந்து ஆண்கள் தங்களுக்கு அளவெடுத்துச் செய்துகொண்டது. படுத்து ஊர்ந்து போனால்தான் அந்தப் பக்கம் போக முடியும். நான் அந்த வயிற்றை வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். கம்பிக்குக் கீழே அந்தப் பக்கத்துப் புல் தெரிந்தது. எனக்கு அப்போது பயம் வரவில்லை, அவமானமாக இருந்தது. யார் முன்னால் அவமானம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திரும்பி வீட்டுக்கே நடந்தோம். என் மகள் திறந்த கதவுக்கு உள்ளே, கன்னடத்து அக்காவின் கையில் பிறந்தாள்.

பிறந்தபிறகுதான் அடுத்த தொல்லை. நஞ்சுக்கொடியை வீட்டுப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைப்பது வழக்கம். நாய் நரி தொடக்கூடாது, வெளியூரில் போடக்கூடாது. அத்தை சாயங்காலம் வந்து, பேத்தியைத் தூக்கி முகம் பார்த்துவிட்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனார். சத்தம் கேட்டு வாட்ச்மேன் ஓடி வந்தார். கேட்டைப் பூட்டிவிட்டுப் போன விஷயம் அதற்குள் அவர் காதுக்கு வந்திருந்தது. அவர் முகம் பார்க்கச் சகிக்கவில்லை என்று அத்தை பிறகு சொன்னார்.

"அம்மா, இங்கன தோண்டக் கூடாதும்மா. மழ பேஞ்சா நேரா ஏரிக்குத்தான் போவும். ஊரே குடிக்கிற தண்ணி."

"ஊரு குடிக்கறது எனக்குத் தெரியாதா? எங்கப்பா போடறது? ரோட்லயா?"

சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு வாட்ச்மேன், "குடுங்கம்மா கடப்பாரைய" என்றார். கொடி இருந்த சட்டியை அத்தை தூக்கிக்கொள்ள, அவர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, வேலிக்கு வெளியே ரோட்டைத் தாண்டி யாருடைய நிலமோ ஒரு புளியமரத்தடியில் ஆழமாகத் தோண்டிக் கொடுத்தாராம். என் உடம்பிலிருந்து வேலியைத் தாண்டி முதலில் வெளியே போனது அதுதான். ரத்தத் துணிகளையும் அத்தை ஏரி பக்கம் கொண்டுபோகவில்லை, அத்தனையையும் வெளியே பம்புக்குச் சுமந்துகொண்டு போய் அலசினார். அத்தைமேல் எவ்வளவோ கோபம் இருந்தும் அதை மட்டும் மறக்க முடியவில்லை.

அதற்கப்புறம் அம்மா அடிக்கடி வர ஆரம்பித்தாள். முதல் தடவை வந்து பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, "இப்பயாவது அனுப்புங்க" என்று அத்தையிடம் சண்டை பிடித்தாள். அடுத்தடுத்த தடவை அந்தச் சண்டை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மனை எந்தப் பக்கம் தருவார்கள், பஸ் வருமா, எத்தனை சென்ட் இருக்கும் என்று கேட்க ஆரம்பித்தாள். எங்கள் தெருவில் எல்லோரிடமும் தன் மகளுக்கு ஓசூரில் சொந்த இடம் வரப்போகிறது என்று சொல்லிவைத்திருந்தாள் போலிருக்கிறது. வாடகை வீட்டிலேயே காலத்தை ஓட்டியவள், அவளுக்கு அது பெரிய விஷயம்.

என் தங்கச்சிக்குக் கல்யாணம் வந்தது. சாமல்பட்டி மாப்பிள்ளை. அத்தையும் அவரும் போய் மொய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். நான் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எந்த நேரத்தில் தாலி கட்டியிருப்பார்கள், எந்த நேரத்தில் அவள் அழுதிருப்பாள் என்று மோட்டார் சத்தத்தைக் கேட்டபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "எங்கம்மா என்ன சொன்னாங்க?" என்று அவரிடம் கேட்டதற்கு, "ஒண்ணும் சொல்லல. வூட்ல ஆளு இருக்குதில்லன்னு மட்டும் கேட்டாங்க" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் ஏதோ பாதியை விழுங்கிவிட்டுச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் நடக்க ஆரம்பித்து, ஓட ஆரம்பித்து, கம்பிக்கு அருகில் போகாதே என்று நான் கத்திக்கொண்டே இருந்த காலத்தில் ஒரு நாள் காலை நிஜமாகவே ஜீப் வந்தது. எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றோம். அன்று தோட்டத்தில் வேலை இல்லாததால் அத்தையும் என் பக்கத்திலேயே நின்றார். இறங்கியவர் சின்ன வயசு அதிகாரி. வீடு வீடாகப் போவார் என்று பார்த்தால், அவர் ஒரு வாசலையும் எட்டிப் பார்க்கவில்லை. கேட்டருகில் நின்றபடியே எல்லோரையும் கூப்பிட்டுப் பெயர் பெயராக வாசித்தார். எல்லாருடைய பெயரும் இருந்தது. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் மேட்டில் மனை, இப்போதே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஜனங்கள் கும்பிட்டார்கள், சிலர் அழுதார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இத்தனை வருஷம் அதன்மேல்தானே உட்கார்ந்திருந்தேன், கேட்காமல் விட முடியவில்லை. "சார், வீடு பூட்டியிருந்தா பேர எடுத்துடுவீங்களா?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "எதுக்கும்மா எடுக்கறோம்? ரேஷன் கார்ட வெச்சு எழுதினது. இந்தக் கல்லெல்லாம் நடறதுக்கு முன்னாடியே தாலுகா ஆபீஸ்ல உக்காந்து எழுதி முடிச்சாச்சு."

"அப்புறம் யாரும் வந்து பாக்கலியா?"

"பாக்க என்னம்மா இருக்கு? வீடு எங்கயாவது எந்திரிச்சுப் போயிடுமா?" என்று சிரித்தார். நல்ல மனுஷர்தான், கேலியாகச் சிரிக்கவில்லை.

என் வாயில் அப்போது ஒரு ஜென்மத்துக்குப் போதுமான வசவு இருந்தது. வளையலுக்கு, பிரசவத்துக்கு, தங்கச்சி கல்யாணத்துக்கு என்று தனித்தனியாகச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தையின் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்த அதிகாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அன்னிக்கு எங்கள மட்டும் ஏன் வுட்டுட்டாங்க?" என்று கேட்டார்.

"என்னிக்கும்மா?"

அத்தை தைலமரங்களுக்கு மேலே தெரிந்த ஃபேக்டரிப் புகைபோக்கியைக் கையால் காட்டினார். "அங்க. அங்கதான் இருந்தோம். பூட்டிட்டுப் போனதாலன்னு சொன்னாங்களே."

அந்தக் காலத்தில் அந்த அதிகாரி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார். "அது எனக்குத் தெரியாதுங்கம்மா. அப்ப உங்ககிட்ட கார்டு இருந்துதா?"

"சீசன் முடிஞ்சு வந்து வாங்கலாம்னு இருந்தோம்" என்றார் அத்தை.

அந்த அதிகாரி தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அத்தை காட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு இறங்கியது. என் கோபம் போகவில்லை. இன்று வரைக்கும் போகவில்லை. ஆனால் அந்த முகத்தின்மேல் அதை இறக்க முடியவில்லை. எல்லோரும் மனை பார்க்கக் கிளம்பினார்கள், அத்தையும் அவர்களுக்குப் பின்னால் நடந்து போனார்.

நான் போகவில்லை. உள்ளே போய்ப் புடவை மாற்றினேன். மகளுக்கு நல்ல கவுன் போட்டேன். பரணில் கிடந்த பூட்டை எடுத்துத் துருப்பிடித்த சாவித் துவாரத்தில் தேங்காய் எண்ணெய் விட்டு, இரண்டு மூன்று தடவை திருப்பிப் பழக்கி, கதவைச் சாத்திப் பூட்டினேன். சாவியைக் கன்னடத்து அக்காவின் அம்மியின்மேல் வைத்தேன். யாரையும் கேட்கவில்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, "எங்கம்மா இவ்வளவு அவசரமா?" என்றார். "எங்கம்மா வீட்டுக்கு" என்றேன்.

கிருஷ்ணகிரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து காவேரிப்பட்டினத்துக்கு ஒரு பஸ். மகள் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை. பாலத்துமேல் போகும்போது ஆற்றைப் பார்த்து, "அம்மா, இதுக்குக் கம்பி இல்லியா?" என்றாள். இல்லை என்றேன். நான் சிரித்துக்கொண்டே அழுததைப் பார்த்துப் பக்கத்து சீட்டு அம்மா என்ன ஆச்சு என்று விசாரித்தாள். பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று அவளிடமும் சொன்னேன். கண்டக்டரிடம்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கட்டையோடு எழுந்தாள். நான் ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் என்னைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள்.

"மாப்பிள்ள வரலியா?"

"ஷிப்ட்டும்மா."

"சம்பந்தியம்மா?"

"அவங்க மனை பாக்கப் போயிருக்கறாங்க. அம்மா, மனை குடுத்துட்டாங்க, அதான் நான்…"

அவள் மீதியைக் கேட்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "அப்போ வூட்ல யாரு?"

"யாரும் இல்லம்மா. பூட்டிட்டு வந்துட்டேன்."

அந்த வீட்டு வாசலைப் பேத்தி முதல்முறையாக மிதித்திருந்தாள். அம்மா அவளைத் தூக்கவில்லை, தொடவும் இல்லை. கட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! இத்தன வருஷம் காத்துக்கினு இருந்துட்டு, கைக்கு வர்ற நேரத்துலயா பூட்டுன? நாளைக்கு ஒருத்தன் வந்து பாத்தான்னா? கிருஷ்ணகிரி பஸ்ஸு இன்னும் போயிருக்காது. எந்திரி, எந்திரி, கிளம்பு."

நான் இன்னும் உட்காரவே இல்லை.